விழக் கற்ற மகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா மேடையில் ஏறுகின்றவர்கள் இலக்கியத்தைப் பற்றியோ, தமிழிசையைப் பற்றியோ பேசுவது நம் சங்கத்தின் நல்ல மரபு. "தங்கள் தலைப்பு யாது?" என்று செயலாளர் அவர்கள் வினவியபோது, "மற்போர்" என்று விடையளித்தேன். "மற்போரா? குஸ்தியையா சொல்லுகின்றீர்கள்?" என்று அவர் திகைத்துக் கேட்டார். ஆம், குஸ்தியைத்தான் சொல்லுகின்றேன். அதிலும், ஒரு நடிகை தம் தந்தையின் புகழைச் சுமந்துகொண்டு கோதாவில் இறங்கிய கதையைச் சொல்லப் போகின்றேன். அது நம் நாட்டுக் கதை அன்று; சப்பான் நாட்டுக் கதை. ஆயினும், பிள்ளைகளைப் பெற்று வளர்க்கின்ற நமக்கெல்லாம் அதில் ஒரு செய்தி உண்டு.

மற்போர் என்றவுடன் இலக்கியத்தை விட்டு வெகு தொலைவு சென்றுவிட்டேன் என்று புலவர் பெருமக்கள் எண்ண வேண்டா. புறநானூற்றின் 80-ஆம் பாட்டு ஒரு மற்போரைத்தான் பாடுகின்றது. பாடியவர் சாத்தந்தையார். பாடப்பெற்றவன் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. அவன் ஆமூர் மல்லனோடு பொருது வென்றான். அவனுக்கும் அவன் தந்தை தித்தனுக்கும் மனவேறுபாடு இருந்தது என்பர். போரைக் கண்ட புலவர் மகனுடைய திறத்தைப் பாடியதோடு நிற்கவில்லை. தந்தைக்கு மகிழ்ச்சியாயினும் ஆகுக, இல்லையாயினும் ஆகுக, இந்தக் காட்சியை அவன் காணவேண்டும் என்று விழைகின்றார். கோதாவில் மகன், எங்கோ தொலைவில் தந்தை, இருவருக்கும் நடுவே ஒரு புலவரின் ஏக்கம்! இந்தக் காட்சியை நெஞ்சில் ஒரு மூலையில் வைத்துக்கொள்ளுங்கள். உரையின் முடிவில் மீண்டும் இதற்கு வருவேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். மற்போரில் இருவகை உண்டு. 2010-ஆம் ஆண்டு தில்லியில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில் கீதா போகாட் தங்கப் பதக்கம் வென்றாரே, அது போட்டி மற்போர். தந்தை மகாவீர் சிங் போகாட் தம் பெண்மக்களைப் பயிற்றுவித்த கதையை 2016-இல் வெளிவந்த 'தங்கல்' படத்தில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே புள்ளிகள் உண்டு. நடுவர் தீர்ப்பு உண்டு. யார் வெல்வார் என்பது ஆட்டம் முடியும்வரை எவருக்கும் தெரியாது.

மற்றொன்று தொழில்முறை மற்போர். நம் வீட்டுச் சிறுவர்கள் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து பார்ப்பது இதைத்தான். இங்கே நல்லவர் உண்டு, தீயவர் உண்டு, நட்பு உண்டு, துரோகம் உண்டு. வெற்றி யாருக்கு என்பது முன்னரே வகுக்கப்படுகின்றது. அவ்வகையில் இது ஒரு நாடகம். தெருக்கூத்துக்கு மிக நெருங்கிய உறவினர் என்றே சொல்லலாம். கூத்தில் துரியோதனன் விழுவான் என்பது பார்ப்பவர் அனைவர்க்கும் தெரியும். தெரிந்தும் விடிய விடிய விழித்திருந்து பார்க்கின்றோம் அல்லவா?

"அப்படியானால் எல்லாம் பொய்தானே?" என்று சிலர் ஏளனமாகச் சிரிப்பர். முடிவு வகுக்கப்பட்டது என்பது மெய். ஆனால் விழுதல் வகுக்கப்பட்டதன்று. அது மெய்யாகவே விழுதல். மற்போர் மேடையின் அமைப்பைப் பாருங்கள். இரும்புச் சட்டங்கள், அவற்றின்மேல் மரப்பலகைகள், பலகைகளின்மேல் மெல்லிய விரிப்பு, அதற்குமேல் இழுத்துக் கட்டிய துணி. அவ்வளவே. படுக்கை மெத்தையை எண்ணிக்கொண்டு அதில் விழுந்தவன் மறுநாள் எழமாட்டான். ஒருவர் தலைக்குமேல் தூக்கி எறியும்போது, எறியப்பட்டவருடைய முதுகும் தோளும் அந்தப் பலகையில்தான் மோதுகின்றன. புவியின் ஈர்ப்புக்கு நாடகம் தெரியாது.

ஆகவேதான், சப்பானில் மற்போர் பயில வருகின்றவர்க்கு எதிரியை வீழ்த்தும் வித்தையை முதலில் கற்பிப்பதில்லை. விழும் வித்தையைத்தான் கற்பிக்கின்றனர். அதற்கு 'உகேமி' என்று பெயர். மோவாயை மார்போடு ஒட்டி, பின்மண்டை தரையில் படாமல் காத்து, முதுகின் பரப்பு முழுவதும் ஒருங்கே படும்படி விழவேண்டும். அதே நொடியில் இரு கைகளாலும் விரிப்பை ஓங்கி அறைந்து, அதிர்ச்சியை உடலெங்கும் பரப்பிவிட வேண்டும். முன்னே விழுதல், பின்னே விழுதல், பக்கவாட்டில் விழுதல், உருண்டு விழுதல் என்று நாள்தோறும் விழவேண்டும். விழக் கற்ற பிறகே வீழ்த்தக் கற்கலாம்.

(முன்வரிசைக் குழந்தைகளுக்கு ஒரு வார்த்தை. மாடிப்படியிலிருந்து தலையணைமேல் குதிப்பது உகேமி அன்று. அதற்கு வேறு பெயர் உண்டு. எலும்பு மருத்துவரிடம் கேட்டால் சொல்லுவார்.)

மற்போருக்கும் நடிப்புக்கும் உள்ள உறவு நமக்குப் புதிதன்று. நம் தாரா சிங் அவர்களை அறியாதார் யார்? பஞ்சாபில் 1928-இல் பிறந்து, கோதாவில் பெயர் பெற்று, 1962-இல் 'கிங் காங்' என்னும் இந்திப் படத்தின் வாயிலாகக் கதாநாயகராக உயர்ந்தார். பின்னர் 1987-இல் தொடங்கிய தொலைக்காட்சி இராமாயணத்தில் அனுமனாகத் தோன்றி நாடு முழுவதும் வழிபடப்பெற்றார். 2012-இல் அவர் மறைந்தபோது, 'மல்லர் மறைந்தார்' என்று சிலரும், 'அனுமன் மறைந்தார்' என்று பலரும் கலங்கினர். கோதாவிலிருந்து திரைக்கு வருவது இவ்வாறு பலரும் நடந்த பாதை. திரையிலிருந்து கோதாவுக்குச் செல்வதோ அரிது. முகமே முதலீடாக உள்ள ஒருவர், அந்த முகத்தை அடிபடும் இடத்திற்குக் கொண்டு செல்ல எளிதில் துணியமாட்டார்.

சப்பான் நாட்டில் மற்போர் அடைந்த இடத்தையும் சிறிது சொல்ல வேண்டும். போரில் தோற்று நொந்திருந்த அந்நாட்டில் 1953-ஆம் ஆண்டு தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது. மறு ஆண்டு பிப்ரவரியில் ரிகிடோசான் என்னும் மல்லர் அமெரிக்காவிலிருந்து வந்த சார்ப் உடன்பிறப்பினரோடு மோதினார். அன்று வீடுகளில் பெட்டி இல்லை. தெருமுனைகளில் வைத்திருந்த பெட்டிகளின்முன் மக்கள் வெள்ளம்போல் திரண்டு நின்று பார்த்தனர். பெண்களின் மற்போரும் அங்கே வேரூன்றியது. 1968 முதல் 2005 வரை 'அனைத்துச் சப்பான் மகளிர் மற்போர்' என்னும் நிறுவனம் நடந்தது. 1970-களில் 'பியூட்டி பேர்', 1980-களில் 'கிரஷ் கேல்ஸ்' என்னும் இணைகள் கோதாவில் பொருதன, பாட்டும் பாடின. அவர்களைக் காண வந்து ஆரவாரித்தவர்களுள் பெரும்பாலார் பள்ளிச் சிறுமியரே என்பது குறிப்பிடத்தக்கது.

இந்தப் பின்னணியை மனத்தில் கொண்டு கதைக்கு வருவோம். தந்தையிடமிருந்தே தொடங்க வேண்டும்.

ஒசாகா நகரத்தில் 1959-இல் பிறந்தவர் ஹிடெகாசு அகாய். அவர் மல்லர் அல்லர், குத்துச்சண்டை வீரர். 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக் விளையாட்டைச் சப்பான் புறக்கணித்தது. அந்த ஆண்டில் அவர் தொழில்முறைக் குத்துச்சண்டையில் இறங்கினார். தொடக்கம் முதல் பன்னிரண்டு போட்டிகளில் எதிர்த்தவர் அனைவரையும் அடித்து வீழ்த்தினார். ஒசாகாவின் பழம்பெயர் நானிவா. அதனால் மக்கள் அவரை 'நானிவாவின் ராக்கி' என்று கொண்டாடினர். 1983-இல் உலகப் பட்டத்திற்காக அமெரிக்க வீரர் புரூஸ் கரியோடு மோதி, ஏழாம் சுற்றில் தோற்றார். தோற்றாலும் மக்கள் அன்பு குறையவில்லை.

1985 பிப்ரவரி 5-ஆம் நாள். ஒசாகாவில் மசாஹாரு ஓவாடா என்பவரோடு நடந்த போட்டியில் அகாய் அடிபட்டு வீழ்ந்தார். இம்முறை எழவில்லை. தலைக்குள் குருதி கசிந்தது. மருத்துவர்கள் மண்டையைத் திறந்து அறுவை செய்தனர். பிழைப்பதே அரிது என்னும் நிலையிலிருந்து மீண்டார். உயிர் நின்றது, குத்துச்சண்டை வாழ்வு முடிந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

அந்த இளைஞர் வேறு ஒரு கதவைத் தட்டினார். 1989-இல் ஜுன்ஜி சகமோதோ என்னும் இயக்குநரின் முதற்படம் வெளிவந்தது. தலையில் அடிபட்டு ஓய்ந்த ஒரு குத்துச்சண்டை வீரன் மீண்டும் மேடையேற விழைவதே அதன் கதை. அவ்வேடத்தில் நடித்தவர் அகாய் அவர்களே! தம்மைச் சாவின் வாயில்வரை கொண்டு சென்ற அதே காட்சியை, ஒளிப்பதிவுக் கருவியின்முன் மீண்டும் வாழ்ந்து காட்டினார். படம் பெரும் பாராட்டுப் பெற்றது. அன்று முதல் அவர் நடிகர். இவ்வாறு தந்தை கோதாவிலிருந்து திரைக்கு வந்தார்.

அவர் மகள் சாகி அகாய். 1987-இல் பிறந்தவர், தந்தை வீழ்ந்து மீண்ட பின்னர் உலகைக் கண்டவர். கியோட்டோ நகரத்தில் வளர்ந்தார். நல்ல உயரம், 174 சென்டிமீட்டர். இளமையிலேயே விளம்பரங்களிலும் தொலைக்காட்சியிலும் தோன்றினார், நடிகையானார். 2011-இல் மகளிர் மற்போரைக் கதையாகக் கொண்ட 'மஸில் கேர்ள்' என்னும் தொலைக்காட்சி நாடகத்தில் நடித்தார். இதைக் கூர்ந்து நோக்குங்கள். தந்தை வாழ்ந்ததைப் பின்னர் நடித்தார். மகளோ நடித்ததைப் பின்னர் வாழ்ந்தார். 2013 ஆகஸ்டில், டோக்கியோவில் சுமோ மற்போருக்குப் புகழ்பெற்ற ரியோகோகு அரங்கத்தில், சாகி தொழில்முறை மல்லராக மேடையேறினார்.

அவரை ஏற்ற நிறுவனத்தின் பெயர் 'டி.டி.டி.', 1997-இல் தோன்றியது. முதல் எழுத்து 'டிராமாடிக்' என்னும் சொல்லைக் குறிக்கும்; அதாவது நாடகத் தன்மை. அங்கே ஆணும் பெண்ணும் ஒரே மேடையில் பொருவதுண்டு, நகைச்சுவைக்கும் குறைவில்லை. நடிகை ஒருவர் நுழைவதற்கு இதைவிடத் தக்க வாயில் இராது.

வாயில் திறந்தது எதனால்? ஒளிக்காமல் சொல்லுவோம்: பெயரால் திறந்தது. 'அகாய்' என்னும் பெயரைச் சப்பானில் அறியாதார் இலர். நடிகை என்னும் வெளிச்சமும் கூடவே வந்தது. 'தந்தை பெயரால் வந்தவள். இரண்டு நாள் விளம்பரத்துக்கு ஆடிவிட்டுப் போய்விடுவாள்' என்று எண்ணுவோர் எங்கும் இருப்பர் அல்லவா? நம் அலுவலகங்களிலும் மேலதிகாரியின் மகன் வேலைக்கு வந்தால் நாம் அவ்வாறு எண்ணுவதில்லையா?

ஆனால் பெயரின் வேலை வாயிலோடு முடிந்துவிடுகின்றது. கயிற்றைத் தாண்டி உள்ளே சென்றபின், தூக்கி எறியப்படும் உடம்பு தந்தையின் உடம்பு அன்று, மகளின் உடம்பு. மோவாயை மார்போடு ஒட்ட மறந்தால், உலகப் பட்டத்துக்குப் போட்டியிட்டவரின் மகள் என்பதற்காகப் பலகை இளகிக் கொடுக்காது. புகழ் மரபுரிமையாக வரலாம்; வீடும் நிலமும் மரபுரிமையாக வரலாம்; விழுதல் மரபுரிமையாக வருவதில்லை. அதை ஒவ்வொருவரும் தாமே கற்க வேண்டும்.

சாகி கற்றார். 2014-ஆம் ஆண்டின் சிறந்த புதுமுக மல்லர் என்னும் விருதை 'டோக்கியோ ஸ்போர்ட்ஸ்' என்னும் நாளிதழ் அவருக்கு வழங்கியது. நீண்ட கால்களால் ஓங்கி உதைப்பது அவர் சிறப்பு. அந்த உதைகளுள் ஒன்றுக்கு அவர் என்ன பெயர் வைத்தார் தெரியுமா? 'புதுமுக விருது' என்றே வைத்தார்! தம் விருதையே எதிரியின் முகத்தில் வழங்கிய அந்த நகைச்சுவை உணர்வை நான் மிகவும் இரசித்தேன். வலிமை, பெருந்தகைமை, அழகு என்னும் மூன்றையும் தம் கொள்கையாகக் கூறிக்கொண்டார். அழகு இருந்தால் வலிமை இராது, வலிமை வந்தால் பெருந்தகைமை போய்விடும் என்று எண்ணுகின்ற உலகில், மூன்றையும் ஒருங்கே கேட்டது அவர் துணிவு.

அவர் நின்ற அணியில் மற்றொரு வியப்பும் உண்டு. அவருடைய தோழர்களுள் ஒருவர் யுகியோ சகாகுச்சி. இவர் தந்தை சேய்ஜி சகாகுச்சி, ஜூடோவில் பெயர் பெற்றுப் பின் மற்போரில் பெருந்தலைவராக விளங்கியவர். அந்தத் தந்தைக்கு இரண்டு ஆண்மக்கள். ஒருவர் கோதாவுக்கு வந்தார், மற்றொருவராகிய கென்ஜி நடிகரானார். ஒரே வீட்டில் ஒரே சோற்றை உண்டு வளர்ந்த இருவர், தந்தையின் செல்வத்தை இருவேறு வழியில் எடுத்துக்கொண்டனர். அகாய் குடும்பத்திலும் இவ்வாறே. சாகியின் தந்தை வழித் தம்பி எய்கோரோ குத்துச்சண்டையில் இறங்கினார். 2022-இல் தந்தையின் வாழ்வைப் பற்றி 'அகாய்' என்னும் ஆவணப்படத்தை இயக்கியவரும் அவரே.

பத்து ஆண்டுகள் சாகி பொருதார். 2023 நவம்பர் 12-ஆம் நாள், தொடங்கிய அதே ரியோகோகு அரங்கத்தில் விடைபெற்றார். தூக்கிச் செல்லப்படாமல், தாமே நடந்து வெளியேறினார். தந்தைக்கு வாய்க்காத பேறு மகளுக்கு வாய்த்தது. தாம் குறித்த நாளில், தம் காலால், தம் விருப்பத்தால் கோதாவை விட்டு இறங்குவது சிறிய வெற்றியன்று.

பெரியோர்களே! கதை இத்துடன் முடிந்திருந்தால் இனிமையாக இருக்கும். ஆனால் அதே நாட்டில், அதே காலத்தில், மற்றொரு மகளின் கதையும் நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் பாதி உண்மையைச் சொன்னவன் ஆவேன்.

கியோகோ கிமுரா அம்மையார் புகழ்பெற்ற மல்லர். அவர் ஒரே மகள் ஹானா, 1997-இல் பிறந்தவர். தாயைப் பார்த்து வளர்ந்த மகள் 2016-இல் தாமும் கோதாவில் இறங்கினார். அந்த ஆண்டிலேயே தாயும் மகளும் ஒரே அணியில் நின்று, மூவர் அணிகளுக்குரிய பட்டம் ஒன்றை வென்றனர். தாய் 2017 சனவரியில் ஓய்வு பெற்றார்; மகள் தொடர்ந்தார். மேடையில் ஹானாவுக்கு முரட்டுப் பெண் வேடம் பொருந்தி வந்தது. முடியில் இளஞ்சிவப்புச் சாயம், கண்ணில் சினம், நாவில் சூடு. மேடையை விட்டு இறங்கினால், சிரித்துப் பேசும் இளம்பெண்.

2019-இல் அவர் 'டெரஸ் ஹவுஸ்' என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சேர்ந்தார். இளைஞர் அறுவர் ஒரே வீட்டில் தங்க, அவர்கள் வாழ்க்கையைப் படமெடுத்துக் காட்டும் நிகழ்ச்சி அது. அவ்வீட்டில் ஒரு நாள், சலவைப் பொறிக்குள் அவர் மறந்து விட்டிருந்த மற்போர் உடையை வேறொருவர் தம் துணிகளோடு துவைத்து உலர்த்திவிட்டார். உடை சுருங்கிப் போயிற்று. ஹானா சினந்து பேசி, அவர் தலையிலிருந்த தொப்பியைத் தட்டிவிட்டார். 2020 மார்ச்சில் இந்தப் பகுதி வெளிவந்தது.

கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் ஏச்சும் பேச்சும் வந்து குவிந்தன. முகம் காட்டாதவர்கள், பெயர் சொல்லாதவர்கள், அந்தப் பெண்ணை வாழத் தகாதவள் என்னும் அளவுக்குத் தூற்றினர். மே 23-ஆம் நாள் ஹானா தம் வாழ்வை முடித்துக்கொண்டார். வயது இருபத்திரண்டு.

கோதாவில் விழக் கற்ற பெண் அவர். எவ்வளவு உயரத்திலிருந்து எறிந்தாலும் முதுகைக் காத்து விழத் தெரிந்தவர். ஆனால் சொல்லால் எறியப்படும்போது விழுவதற்கு உகேமி இல்லை. மற்போர் மேடையில் எறிகின்றவர், எறியப்படுகின்றவரின் கழுத்தைத் தம் கையால் காத்தே எறிகின்றார். அது அத்தொழிலின் அறம். எதிரியாக நடிப்பவரே உண்மையில் காவலர். முகம் தெரியாமல் வசை எறிந்தவர்களிடம் அந்த அறம் இல்லை. வேடத்தையும் ஆளையும் ஒன்றாக எண்ணிய அவர்கள் கண்ணுக்குத் தீயவள் தெரிந்தாள். ஒரு தாயின் ஒரே மகள் தெரியவில்லை.

அந்தத் தாய் என்ன செய்தார்? ஓய்வு பெற்ற அந்த மல்லர் மீண்டும் போருக்கு எழுந்தார். இம்முறை கோதாவில் அன்று; நீதிமன்றத்திலும் சட்டத்தின் வாயிலிலும். வசை எழுதியவருள் இருவர்க்குத் தண்டம் விதிக்கப்பட்டது. எவ்வளவு? ஆளுக்கு ஒன்பதாயிரம் யென்! அந்நாட்டில் இழிவுரைக்கு அன்றிருந்த சட்டம், முப்பது நாளுக்கு உட்பட்ட காவல் அல்லது பத்தாயிரம் யென்னுக்கு உட்பட்ட தண்டம் என்பதோடு நின்றது. ஒரு மகளின் உயிர்முன் இந்தத் தொகையை வைத்துப் பார்த்த நாடு நாணியது. 2022-இல் சட்டம் திருத்தப்பட்டது. ஓராண்டு வரை சிறை அல்லது மூன்று இலட்சம் யென் வரை தண்டம் என்று உயர்ந்தது. அவ்வாண்டு சூலையில் நடைமுறைக்கு வந்தது. மகளின் பெயரால் ஓர் அறநிறுவனத்தையும் அம்மையார் தொடங்கினார். பிள்ளைகள் பெற்றோரின் பெயரைச் சுமப்பதே உலக வழக்கம். இங்கே தாய் மகளின் பெயரைச் சுமக்கின்றார்.

அன்பர்களே! இவ்விரு கதைகளிலிருந்து நாம் கொள்ளத்தக்கது என்ன?

நாம் அனைவரும் பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள். நம்முள் பலர் இந்தக் குடியிருப்புக்கு ஒரு பெட்டியும் ஒரு படுக்கையுமாக வந்து இறங்கியவர்கள். மொழி தெரியாத ஊரில் பலமுறை விழுந்து எழுந்தவர்கள். அதனால்தான் நம் பிள்ளைகள் விழக்கூடாது என்று நினைக்கின்றோம். 'நான் பட்டது போதும். நீ நான் போட்ட பாதையிலேயே நட' என்கின்றோம். பொறியியல் படித்தவர் பிள்ளை பொறியியல் படிக்கவேண்டும். கணக்கர் பிள்ளை கணக்கராக வேண்டும். அன்பினால்தான் சொல்லுகின்றோம். ஆனால் பாதையைக் கொடுக்கலாமே அன்றி, அவர்கள் விழவேண்டிய விழுதலை நாம் விழ முடியாது. கொடுக்கத்தக்க பயிற்சி ஒன்றுதான்: விழுந்தால் தலையைக் காத்துக்கொள்ளவும், எழுந்து நிற்கவும் கற்றுக்கொடுப்பது.

பிள்ளை நம் வழியைப் பின்பற்றினால் பெருமைப்படுவோம். 'என் பெயரால் வந்தவன்' என்று சொல்லிச் சொல்லி அவன் உழைப்பை நம் கணக்கில் வரவு வைக்காதிருப்போம். பிள்ளை வேறு வழியில் சென்றால், 'குடும்பப் பெயரைக் கெடுத்தாய்' என்று சினவாதிருப்போம். சகாகுச்சி வீட்டில் ஒருவர் கோதாவுக்கும் மற்றொருவர் திரைக்கும் சென்றதால் அந்தக் குடும்பப் பெயர் தேய்ந்துவிடவில்லை.

மற்றொன்று இளைஞர்களுக்கு. உங்கள் கையிலுள்ள கைப்பேசியில் நடிகையரைப் பற்றியும் விளையாட்டு வீராங்கனையரைப் பற்றியும் நாள்தோறும் எத்தனையோ வசைகள் வருகின்றன. நீங்களும் வேடிக்கையாக ஒரு வரி சேர்க்கலாம். சேர்ப்பதற்கு முன் ஒரு நொடி எண்ணுங்கள். மல்லன் எறியும்போதும் எதிரியின் கழுத்தைக் காக்கின்றான். உங்கள் சொல் யாருடைய கழுத்தைக் காக்கின்றது? வள்ளுவர் நாவைக் காக்கச் சொன்னார். இன்று விரலையும் சேர்த்துக் காக்கவேண்டிய காலம் வந்திருக்கின்றது.

தொடங்கிய இடத்துக்கு வருகின்றேன். கிள்ளி மற்போரில் வென்ற அந்நாளில், தித்தன் வந்து காணவேண்டும் என்று சாத்தந்தையார் ஏங்கினார். தந்தை வந்து மகனுக்காகப் போரிட வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. வந்து தடுக்கவேண்டும் என்றும் கேட்கவில்லை. மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும் பார்க்கவேண்டும் என்றே கேட்டார். பெற்றோரிடம் பிள்ளைகள் கேட்பதும் பல வேளைகளில் அவ்வளவே. கோதா அவர்களுடையது, விழுதல் அவர்களுடையது, எழுதலும் அவர்களுடையது. முன்வரிசையில் ஓர் இருக்கை மட்டும் நம்முடையது. அந்த இருக்கையைக் காலியாக விடாதிருப்போம்.

சற்று நேரத்தில் நம் குழந்தைகள் இம்மேடையில் நாடகம் நடிக்க இருக்கின்றனர். திரைக்குப் பின்னால் வாள்கள் மோதும் ஒலி இப்போதே கேட்கின்றது. வசனம் மறந்து ஒரு பிள்ளை திகைத்து நின்றால், எவர் வீட்டுப் பிள்ளையாயினும், நம் கைத்தட்டல் அவனைத் தாங்கிக்கொள்ளட்டும்.